செல்லக்கண்ணுவின் கத்தியும் சர்க்காரின் புல்டோசரும்

போன மாதம் ரேஞ்ச் ஆபீசிலிருந்து ஒரு போன் வந்தது. பேசியவர் விக்னேஷ். நான் ஓய்வு பெறும் சமயத்தில் வேலைக்குச் சேர்ந்த வனக்காப்பாளர், மரியாதை தெரிந்தவர்.

"மேரி மேடம், நல்லா இருக்கீங்களா? ஒரு சின்ன விசயம். ஆபீசு வரைக்கும் வந்து ஒரு வரி எழுதிக் கையெழுத்துப் போட்டுட்டுப் போவணும். உங்க பழைய புல்டோசர் கேஸு இன்னும் பெண்டிங்லயே கெடக்குது."

"இன்னா வரி?"

"மேற்படி வழக்கு தவறுதலாகப் பதிவு செய்யப்பட்டதுன்னு. அவ்ளோதான் மேடம்."

"இத்தினி வருசம் இல்லாம இப்ப இன்னா அவசரம்?"

"புது ஸ்கீம் வந்திருக்குது மேடம். அந்தச் சரிவுல இருக்கற தைலமரத்தையெல்லாம் வேரோட எடுத்துட்டு நாட்டு மரம் வெக்கப் போறாங்க. மேல பாறையோரம் கொஞ்சம் புதர் இருக்குது இல்ல? அதையும் சேத்து சுத்தம் பண்ணாத்தான் ஏரியா கணக்குக்கு வரும். கேஸு நிக்கறதால அந்த எடத்துல மட்டும் கை வெக்க முடியல."

சரி, பார்க்கிறேன் என்று சொல்லி போனை வைத்தேன். அடுப்பில் பால் பொங்கி வழிந்து திரியை அணைத்திருந்தது. அதைத் துடைக்கக்கூட எனக்குக் கை ஓடவில்லை. அவ்வளவு கோபம். நாட்டு மரம் வைப்பதற்காக நாட்டு மரத்தைப் பிடுங்கப் போகிறார்கள். அதற்கு என் கையெழுத்து வேண்டுமாம்.

அந்தப் "புதர்" எது, அந்த வழக்கு எப்படி வந்தது என்று இப்போது வேலையில் இருப்பவர்கள் தெரிந்துகொள்ளட்டும். அதற்காகத்தான் எழுதுகிறேன்.

என் நைனாவும் வனக்காப்பாளர்தான். பணியில் இருக்கும்போதே மஞ்சள் காமாலையில் போய்விட்டார். கருணை அடிப்படையில் அந்த வேலை எனக்கு வந்தது. பயிற்சிப் பள்ளியைப் பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றும் இல்லை. காக்கி உடுப்பு, விடிந்தால் ஓட்டம், சங்கிலி பிடித்து அளப்பது, சட்டப் புத்தகம். அந்தப் புத்தகத்திலிருந்து மனத்தில் பதிந்தது ஒன்றுதான். காப்புக்காட்டுக்குள் ஒரு பச்சைக் கிளையை வெட்டினாலும் குற்றம், யார் வெட்டினாலும் குற்றம். அந்த "யார்" என்ற சொல்லை நான் அப்படியே நம்பிவிட்டேன்.

செஞ்சியிலிருந்து அவலூர்பேட்டை போகும் வழியில், சாலையை விட்டு உள்ளே தள்ளி இருக்கிற ஒரு மலைச்சரிவுதான் எனக்குக் கொடுத்த காடு. ஊர்ப் பெயரை எழுதப் போவதில்லை, அங்கே இருப்பவர்களுக்குத் தெரியும். காடு என்றதும் வானத்தைத் தொடும் மரங்களை நினைத்துக்கொண்டு வருபவர்களுக்கு அது ஏமாற்றமாகத்தான் இருக்கும். எங்கள் பக்கத்து மரம் பாறை இடுக்கில் வேர்விட்டு, முழங்கால் உயரத்திலேயே ஐந்தாறாகப் பிரிந்து, ஆள் உயரத்துக்கு மேலே போய்ப் பக்கத்து மரத்தோடு கை கோத்துக்கொள்ளும். காசான், வக்கணை, காரை, களா, பாலை. அடிக்கட்டை ஒரு ஆள் இடுப்பு கனம் இருக்கும், மேலே கொம்புகள் மணிக்கட்டு கனம்தான் இருக்கும். சித்திரையில் கோட்டைப் பாறைகள் கொதித்துக் கிடக்கும்போதும் அதற்குள் நுழைந்தால் மண் ஈரமாக இருக்கும். தேவாங்கு உண்டு, எறும்புத்தின்னி உண்டு. சரிவின் அடியில் ஒரு ஓடை, ஓடைக்குக் கீழே ஊர் ஏரி, ஏரிக்குக் கீழே நெல்லும் மணிலாக் கடலையும்.

எங்கள் வேலையில் துப்பாக்கியைவிடப் பெரிய பொருள் ஒன்று உண்டு. முத்திரைச் சுத்தி. சின்ன சுத்திதான், அதன் முகத்தில் அந்தக் காட்டுக்கான எழுத்தும் எண்ணும் செதுக்கியிருக்கும். காட்டில் ஒரு மரம் திருட்டுத்தனமாக வெட்டப்பட்டால், நின்றுபோன அடிக்கட்டையைத் தேட வேண்டும். தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் பட்டையைச் சீவி, வெள்ளைக் கட்டை தெரிந்ததும் அதில் சுத்தியை ஒரே அடியாக இறக்க வேண்டும். இரண்டாவது அடி விழுந்தால் எழுத்து கலங்கிவிடும். வெட்டுமுகத்தில் இன்னொரு முத்திரை. பக்கத்தில் பெயிண்டால் வழக்கு எண். அதற்குப் பிறகு அந்தக் கட்டை வழக்குச் சொத்து. வழக்கு முடிகிற வரைக்கும் அதைக் கலெக்டரே வந்தாலும் அசைக்கக் கூடாது. இட மாறுதல் வந்தால் சாவிகளுக்கு முன்னால் ஒப்படைக்க வேண்டியது அந்தச் சுத்தியைத்தான். நான் அதைத் துணிப்பையில் சுற்றித் தலைமாட்டில் வைத்துக்கொண்டு தூங்குவேன். என் வீட்டுக்காரர் கேலி செய்வார், "தாலியைக் கழட்டி வெச்சாலும் வெப்ப, சுத்தியை வெக்க மாட்ட" என்று.

அப்போது எங்களுக்கு இருந்த ரேஞ்சர் ஐயாவைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். குரலை உயர்த்தி நான் கேட்டதே இல்லை. எதையும் "செய்" என்று சொல்ல மாட்டார், "பார்த்துக்கோங்கம்மா" என்பார். சங்கடமான பேச்சு வரப்போகிறது என்றால் கண்ணாடியைக் கழற்றி சட்டை நுனியால் துடைக்க ஆரம்பிப்பார். அதைப் பார்த்ததும் ஆளுக்கொரு வேலையைச் சொல்லி நழுவப் பார்ப்போம். செடி கொடிகளின் பெயரெல்லாம் அவருக்கு அத்துப்படி. மோர்ச்சோறு கட்டிக்கொண்டு வந்து காசான் நிழலில் உட்கார்ந்து சாப்பிடுவார். காசான் பூத்திருந்தால் நீலப் பூங்கொத்தின் பக்கத்தில் முகத்தைக் கொண்டுபோவார், ஒரு இலையைக் கிள்ள மாட்டார். காட்டை வெறுத்த ஒருவர் அதை அழித்திருந்தால் எனக்கு இத்தனை ஆத்திரம் இருந்திருக்காது.

இனி செல்லக்கண்ணுவுக்கு வருகிறேன். மலையடி ஊரைச் சேர்ந்தவள், என் வயதுதான் இருக்கும். நாலைந்து ஆடு. சீசனில் களாக்காயும் சூரைப்பழமும் பறித்து செஞ்சி பஸ் ஸ்டாண்டில் விற்பாள். ஒரு நாள் காலையில் ஓடைக்கரையில் தலைச்சுமையோடு எதிரே வந்தாள். சுமையில் இருந்தது பச்சைக் காசான் கொம்பு.

"இன்னாம்மே இது?"

"ஆட்டுப்பட்டிக்குக் கார்டம்மா. நரி வருது. வேற கொம்பு நட்டா கறையான் தின்னுட்டுப் போவுது, காசானுதான் நிக்குது. அடியை உட்டுட்டுக் கொம்பை மட்டுந்தான் கழிச்சேன். மறுபடி தழைஞ்சிடும்."

அவள் சொன்னது உண்மை. ஆனால் பச்சை. பச்சை என்றால் வழக்கு. சுமையை இறக்கி, கத்தியை வாங்கிக்கொண்டு ஆபீசுக்கு அழைத்துப் போனேன். ரேஞ்சர் ஐயா முன்னால் குற்றத்தை ஒப்புக்கொண்டு வாக்குமூலம். பெருவிரல் ரேகை. கோர்ட்டுக்குப் போகாமல் வழக்கை முடிக்கச் சமரசக் கட்டணம், அதை அவள் அன்றைக்கே ஊருக்கு ஆள் அனுப்பி ஆட்டுக்குட்டி ஒன்றை விற்றுத்தான் கட்டினாள். குற்றத்துக்குப் பயன்பட்ட கருவி சர்க்காருக்குச் சொந்தம் என்பது விதி. அவள் கத்தியில் சீட்டுக் கட்டி ஸ்டோர் ரூம் ஆணியில் மாட்டினோம். அது அவள் புருஷன் உயிரோடு இருந்தபோது பட்டறையில் நின்று அடித்து வாங்கியது. "அதை மட்டும் குடுத்துடுங்களேன்" என்று கேட்டாள். முடியாது என்றேன். காலையில் பிடித்தது, மாலை பஸ்ஸுக்குள் வழக்கு முடிந்துவிட்டது.

அதே மாதத்தில் சரிவை அளக்க உத்தரவு வந்தது. காட்டில் மரம் எண்ணுவது எப்படி என்று படிப்பவர்களுக்குச் சொல்கிறேன், சிரிக்காமல் கேளுங்கள். மார்பளவு உயரத்தில் நாடாவைச் சுற்ற வேண்டும். அந்த உயரத்தில் குறிப்பிட்ட சுற்றளவு இருந்தால்தான் அது மரம். இல்லையென்றால் புதர். யாருடைய மார்பு? எவனோ நெட்டையான வெள்ளைக்காரன் மார்பாக இருக்க வேண்டும், எனக்கு அது மோவாய்க்கு வரும். எங்கள் மரங்களோ முழங்காலிலேயே பிரிந்துவிடுகின்றன. இடுப்பு கனம் அடிக்கட்டை கண்ணெதிரே இருக்கிறது, குச்சியில் போட்ட மார்பளவுக் கோட்டில் நாடாவைச் சுற்றினால் கையில் சிக்குவது மணிக்கட்டு கனக் கொம்பு. எழுது, மரம் இல்லை. அடுத்தது, மரம் இல்லை. எங்கள் தாத்தாக்களுக்கு முன்னால் முளைத்ததையெல்லாம் அளந்து அளந்து, கடைசியில் "மரங்கள் ஏதுமற்ற, தரம் குன்றிய காடு" என்று எழுதி முடித்தார்கள். அந்த மரங்களுக்குள் குனிந்து நுழைய முடியாமல் தலையில் முட்டு வாங்கிக்கொண்டேதான் எழுதினார்கள்.

தரம் குன்றிய காடு என்றால் தரம் உயர்த்தத் திட்டம் உண்டு. அந்தக் காலத்தில் தரம் என்றால் தைலமரம். தாள் ஆலைக்கு மரம் வேண்டும், மாநிலத்துக்குப் பசுமை வேண்டும், ஒரே கல்லில் இரண்டும் கிடைக்கிறது என்று மேலே யாரோ முடிவு செய்துவிட்டார்கள். இருப்பதை வழித்துவிட்டு உழுது, வரிசையாகக் கன்று வைக்க வேண்டும். அதைக் கேட்டதும் நேராக ரேஞ்சர் ஐயாவிடம் போனேன்.

"ஐயா, அங்க மரம் இருக்குதுன்னு உங்களுக்குத் தெரியும். நிழல்ல உக்காந்து சாப்பிட்டிருக்கீங்க."

கண்ணாடியைக் கழற்றினார். துடைத்தார்.

"குழி வெட்டறதுக்கு ஸ்கீம் இருக்குதும்மா. கன்னு வெக்க இருக்குது, வேலி போட இருக்குது, தண்ணி ஊத்த இருக்குது. இருக்கறதை சும்மா உடறதுக்கு மட்டும் ஸ்கீம் இல்ல. சும்மா உட்டா நான் வேலையே செய்யலன்னு ஆவுது."

"காடு போயிடுமே ஐயா."

"கணக்குல போவாதும்மா. காப்புக்காடுன்னு எழுதியிருக்கறது அப்படியேதான் இருக்கும். தைலம் வளந்துட்டா பசுமை கூடியிருக்குன்னுதான் வரும். பார்த்துக்கோங்கம்மா."

நாட்டில் காடு குறைகிறது என்றால் மரத்திருடனையும் விறகுக்காரியையும் காட்டுகிறார்கள். முப்பது வருஷத்துக்கு மேல் காட்டில் நடந்தவள் சொல்கிறேன், எந்தத் திருடனாலும் ஒரு காட்டை வேரோடு எடுத்துக்கொண்டு போக முடியாது. அதற்கு ஒரு திட்டம் வேண்டும், ஒரு இலக்கு வேண்டும், நிதியாண்டு முடிவதற்குள் முடிக்க வேண்டும் என்ற அவசரம் வேண்டும். அதோடு, வெட்டிய காட்டைக் காடு என்றே எழுதிக்கொள்ளும் துணிச்சலும் வேண்டும். இதெல்லாம் செல்லக்கண்ணுவிடம் ஏது?

புல்டோசர் வந்தது. பாறை இல்லாத கீழ்ச்சரிவில் அது உழுதுகொண்டே ஏறியது. மேலே பாறையோரத்தில் இயந்திரம் ஏறாது என்று ஆட்கள் கோடாலியோடு போனார்கள். மரம் விழும் சத்தத்தைவிட வேர் அறுபடும் சத்தம் மோசமாக இருந்தது. ஒரு தேவாங்கு பகல் வெளிச்சத்தில் எங்கே போவதென்று தெரியாமல் புரண்டு கிடந்த கொம்பில் ஒட்டிக்கொண்டிருந்தது. நான் அதைத் துண்டில் எடுத்து மேலே கொண்டுபோய் விட்டேன். விட்ட இடமும் நாளைக்கு இருக்காது என்று தெரிந்தே விட்டேன். காக்கி உடுப்போடு நின்று அழுதேன், அதைச் சொல்ல எனக்கு வெட்கம் இல்லை.

ஊர்ச்சனம் ஓடைக்கரையில் கூடி நின்றது. செல்லக்கண்ணுவும் நின்றாள். அவள் சத்தம் போடவில்லை. என் பக்கத்தில் வந்து கேட்டாள்.

"நாலு கொம்புக்கு எம்மேல கேஸு போட்டீங்க. இவன் மேல இன்னா கேஸு, கார்டம்மா?"

"இது சர்க்கார் வேலைம்மே."

"சர்க்காருன்னா? வெட்டுனா வெட்டுனதுதானே?"

எனக்கு அந்தச் சட்டப் புத்தகம் ஞாபகம் வந்தது. யார் வெட்டினாலும். உடனே ஆபீசுக்குப் போய்த் திட்ட உத்தரவை எடுத்துப் படித்தேன். காலியிடங்களில் கன்று நடலாம் என்றுதான் இருந்தது. நிற்கிற மரத்தை வெட்ட அனுமதி எங்கேயும் இல்லை. எப்படி இருக்கும்? மரமே இல்லை என்று எழுதியவர்கள், மரம் வெட்ட அனுமதி எப்படிக் கேட்பார்கள்? அனுமதி இல்லாமல் காப்புக்காட்டில் மரம் வெட்டினால் அதற்கு என்ன பெயர் என்று எனக்குப் பயிற்சிப் பள்ளியிலேயே சொல்லிக் கொடுத்திருந்தார்கள்.

மறுநாள் விடிந்ததும் துணிப்பையிலிருந்து சுத்தியை எடுத்துக்கொண்டு மேலே ஏறினேன். பாறையோரத்தில் கோடாலியால் வெட்டப்பட்ட கட்டைகள் வரிசையாக நின்றன. ஒவ்வொன்றாகப் பட்டையைச் சீவினேன். ஒரே அடி. வெட்டுமுகத்தில் இன்னொரு அடி. காசான் கட்டை இரும்பு மாதிரி, கை மரத்துப்போனது. கோடாலிக்காரர்கள் வேலைக்கு வந்து பார்த்துவிட்டு, "முத்திரை உழுந்துடுச்சி, இனிமே நாம தொட்டா நம்ம மேல கேஸு" என்று கோடாலியைத் தோளில் போட்டுக்கொண்டு இறங்கிவிட்டார்கள். வெட்டியது போக மேலே மீதமிருந்த மரங்கள் அப்படித்தான் தப்பின.

கீழே உழுததையும் மேலே வெட்டியதையும் சேர்த்துக் குற்ற அறிக்கை எழுதி ரேஞ்சர் ஐயா மேஜையில் வைத்தேன். அவர் நிதானமாகப் படித்தார். கண்ணாடியைக் கழற்றவில்லை.

"குற்றம் செஞ்சவர் பேர்ங்கற எடத்துல திட்டத்தை நிறைவேற்றும் அலுவலர்னு போட்டிருக்கீங்க. அது நான்தானேம்மா?"

"ஆமாங்கய்யா."

"குற்றத்துக்குப் பயன்பட்ட கருவி, புல்டோசர் ஒண்ணு."

"ஆமாங்கய்யா."

அறிக்கையை மறுபடி முதல் வரியிலிருந்து படித்தார். பிறகு பேனாவை எடுத்து, மேல் நடவடிக்கைக்கு அனுப்பப்படுகிறது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். கிழித்துப் போட்டிருக்கலாம். ஏன் செய்யவில்லை என்று அவரிடம் நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. கொஞ்ச நாளில் வேறு மாவட்டத்துக்குப் போய்விட்டார்.

எனக்கு வந்தது குற்றச்சாட்டுக் குறிப்பாணை. ஊதிய உயர்வை நிறுத்தினார்கள், வீட்டிலிருந்து இரண்டு பஸ் மாறிப் போகிற சோதனைச்சாவடிக்கு மாற்றினார்கள். ஆனால் வழக்கை மட்டும் அவர்களால் மூட முடியவில்லை. குற்றமே இல்லை என்று எழுத வேண்டுமானால் அங்கே மரமே இல்லை என்று எழுத வேண்டும். முத்திரை விழுந்த கட்டைகளோ வரிசையாக நிற்கின்றன. மரம் இருந்தது என்று எழுதினால் வெட்டியது குற்றம். எந்த அதிகாரியும் இரண்டில் ஒன்றை எழுதத் துணியவில்லை. கோப்பு ஒருவர் மேஜையிலிருந்து இன்னொருவர் மேஜைக்குப் போய்க்கொண்டே இருந்தது. நான் வனவராகப் பதவி உயர்வு பெற்று, ஓய்வும் பெற்றுவிட்டேன்.

கீழ்ச்சரிவில் தைலமரம் வளர்ந்தது, வெட்டினார்கள், மறுபடி வளர்ந்தது. ஓடை முதலில் மெலிந்தது, பிறகு மழைக்கு மட்டும் ஓடியது. ஏரிக்குத் தண்ணீர் வராமல் நெல்லை விட்டவர்கள் பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் போனார்கள். அறிக்கையில் மட்டும் பசுமை கூடிக்கொண்டே போனது.

போன் வந்த இரண்டாம் நாள் ஆபீசுக்குப் போகாமல் நேராக மலைக்குப் போனேன். நான் சொல்லியனுப்பியதால் ரேஞ்சர் மேடமும் விக்னேஷும் அங்கேயே வந்தார்கள். இப்போதைய ரேஞ்சர் இளம்பெண், நன்றாகப் படித்தவர். கையில் ஒரு டேப்லெட். அதில் இருந்த வரைபடத்தில் தைலமரத் தோப்பு பச்சையாகவும், மேலே பாறையோரம் மஞ்சளாகவும் இருந்தது. மஞ்சள் என்றால் புதராம். வெள்ளைக்காரன் மார்பு போய் செயற்கைக்கோள் வந்திருக்கிறது, தீர்ப்பு மட்டும் மாறவில்லை.

மஞ்சளுக்குள் அவர்களைக் குனிந்து வரச் சொன்னேன். நான் சுத்தி அடித்த கட்டைகள் எல்லாவற்றிலும் புதுக் கொம்புகள் எழும்பி மேலே மூடியிருந்தன. பட்டை வளர்ந்து முத்திரையை ஓரத்திலிருந்து விழுங்கிக்கொண்டிருந்தது. விரலால் தடவினால் எழுத்து இன்னும் தட்டுப்படுகிறது. காலுக்கடியில் மண் ஈரம். ரேஞ்சர் மேடம் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். களாச்செடிகளின் பக்கத்தில் கூடையோடு ஒரு பெண் நின்றிருந்தாள். தலை முழுக்க நரைத்துவிட்டது. செல்லக்கண்ணு. கையில் கத்தி இல்லை, காயை விரலால் பறித்துக்கொண்டிருந்தாள். அந்த வழக்குக்குப் பிறகு அவள் காட்டுக்குள் கத்தி எடுத்து வந்ததே இல்லையாம்.

"நாங்க நல்லதுக்குத்தான் மேடம் செய்யறோம்" என்றார் ரேஞ்சர் மேடம். "நாட்டு மரம்தான் வெக்கப் போறோம்."

"கீழ வைங்கம்மா, வேணான்னு யார் சொன்னா? இங்க இருக்கறது இன்னா மரம்? இதைப் புடுங்கிட்டு இதையே நர்சரில வாங்கி நடுவீங்களா?"

"எனக்குப் புரியுது. ஆனா மொத்த ஏரியாவும் மேல சாங்ஷன் ஆயிடுச்சி. இருக்கறதை அப்படியே உடறதுக்குத் திட்டத்துல செலவுத் தலைப்பு இல்ல மேடம்."

பழைய ரேஞ்சர் ஐயா கண்ணாடி துடைப்பது எனக்குக் கண்ணில் தெரிந்தது. விக்னேஷ் தாளையும் பேனாவையும் நீட்டினார். நான் வாங்கவில்லை.

"நீங்க எழுதிக் குடுக்கலன்னா இந்தக் கேஸை எப்படித்தான் மேடம் முடிக்கறது?" என்று கேட்டார் அவர்.

"அதுக்கு வழி இருக்குது. இதோ நிக்கறாளே செல்லக்கண்ணு, இவ கேஸை ஒரே பகல்ல முடிச்சோம். அதே மாதிரி முடிங்க. வெட்டச் சொன்னவங்க ஆபீசுக்கு வரட்டும். ஆமா, மரத்தைத்தான் வெட்டினோம்னு ஒப்புத்துக்கிட்டு ரேகை வெக்கட்டும். கட்டணத்தைக் கட்டட்டும். புல்டோசரைக் கொண்டாந்து ஒப்படைச்சிட்டு, இவளை மாதிரியே வெறுங்கையோட பஸ் ஏறிப் போகட்டும்."